வார்த்தையின் வால்

மலை ஓட்டம் கிளம்பும் இடத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் கத்தினான். "இங்க வந்து நிக்கிறீங்க பாருங்க, அதுலயே நீங்க எல்லாரும் ஜெயிச்சுட்டீங்க!" எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயித்தாயிற்று என்றால் வீட்டுக்குப் போய்விடலாமே, இந்த மழையில் அறுபது கிலோமீட்டர் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என்னையும் கட்டிப்பிடிக்க வந்தார். ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டதுபோல் குனிந்துகொண்டேன்.

காலை ஐந்து மணி. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நூற்றைம்பது பேர் காட்டுப் பாதையில் இறங்கினோம். மாலை ஐந்துக்குள் முடிக்க வேண்டும். நாற்பத்தோராவது கிலோமீட்டரில் ஒரு சாவடி. மதியம் ஒன்றரைக்குள் அங்கே வராதவர்களை ஜீப்பில் ஏற்றி அடிவாரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஊரே லிஃப்டில் போகும்போது படியேறிப் போகிற ஒரே ஆள் நான்தான், லிஃப்ட் ஓடாத கட்டிடத்துக்குத்தானே என்னைக் கூப்பிடுகிறார்கள். பதினாலு மாடி ஏறி, மெஷின் ரூமில் பிரேக்கைத் திறந்து பார்த்து, ஸ்பேனரை மறந்துவிட்டேன் என்று இறங்கி மறுபடி ஏறியிருக்கிறேன். ஏற்றம் என் காலுக்குப் புதிதில்லை.

இந்த ஓட்டம் என் பட்டியலில் நாலாவது. ஜனவரி முதல் தேதி ஒரு வெள்ளைத் தாளில் மார்க்கர் பேனாவால் எழுதி பீரோ கதவின் உட்பக்கத்தில் ஒட்டினேன். ஒன்று, வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர். இரண்டு, இருபத்தோரு கிலோமீட்டரை ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்குள். மூன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறக்கூடாது. நான்கு, டிசம்பரில் அறுபது கிலோமீட்டர் மலை ஓட்டம். செல்லோ டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தது என் மனைவிதான்.

"வீட்டு வேலைன்னு ஒண்ணையும் காணோமே இதுல" என்றாள்.

"அது அடுத்த வருஷம்."

"எழுதி வெச்சுக்கறேன். நான் மறந்துடுவேன்னு நினைக்காதீங்க."

அப்போதெல்லாம் நன்றாகப் பேசுவாள். நன்றாக என்றால் நிறைய. ஃபோனில் அவள் தங்கையோடு பேச ஆரம்பித்தால் நான் ஒரு குளியல் போட்டு, துணி மாற்றி, சாப்பிட்டு முடித்திருப்பேன், அவர்கள் இன்னும் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இருபத்தி மூன்று வருடத்தில் என்னை ஒருமுறைகூட ஒருமையில் கூப்பிட்டதில்லை. திட்டும்போதும் "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று மரியாதையாகத்தான் திட்டுவாள்.

பத்து கிலோமீட்டர் வரை ஏற்றம்தான். மண் வழுக்கியது. யாரும் ஓடவில்லை, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு வரிசையாக ஏறினோம். விடிந்தபோது மழை விட்டுப் பனிமூட்டம் வந்தது. பாதை தெரிவதற்காக மரக்கிளைகளில் கட்டியிருந்த ஆரஞ்சு ரிப்பன்களைப் பார்த்துப் பார்த்துப் போனோம்.

மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை பட்டியலில் எதுவும் தவறவில்லை. நானூற்றுப் பத்து கிலோமீட்டர் முடித்திருந்தேன். அன்று காலை ஆறரைக்கு நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவள் படுக்கையிலிருந்தே பேசினாள். வழக்கமாக அந்த நேரத்துக்கு எழுந்து அடுப்படியில் இருப்பாள்.

"இன்னிக்கு ஓடாதீங்களேன். தலை ஒரு பக்கமா கனக்குது."

"ஒரு மணி நேரத்துல வந்துடறேன்" என்றேன்.

"ஓடாதீங்க" என்றாள் மறுபடி. கெஞ்சலாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். தலைவலி மாத்திரையையும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஃபோனை எடுத்துப் போகவில்லை. ஓடும்போது ஃபோன் எடுத்துப்போகிறவர்களை நான் மட்டமாக நினைத்த காலம் அது. காற்று அன்று சுகமாக இருந்தது. பத்து கிலோமீட்டரோடு வீடு திரும்ப வேண்டியவன் பதினெட்டு ஓடினேன்.

வந்து பார்த்தபோது குளியலறை வாசலில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. குழாய் திறந்தபடி வாளி நிரம்பி வழிந்து அவள் நைட்டியெல்லாம் நனைந்திருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் கையில் பேனாவோடு திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்கள்? அதைப் பொறுத்துத்தான் மூளையில் அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போடலாமா கூடாதா என்று முடிவு செய்வார்களாம். ஆறரை மணிக்கு நன்றாக இருந்தாள் என்றேன். தலை கனக்கிறது என்று சொன்னதைச் சொல்லவில்லை. "எந்தத் தொந்தரவும் சொல்லலையா?" என்று அவர் இன்னொரு தடவை கேட்டார். இல்லை என்றேன். சொல்லியிருந்தாலும் அவர்கள் செய்தது மாறியிருக்காது, நான் வந்ததே தாமதம், அது பிறகு தெரிந்தது. ஆனால் நான் பொய் சொன்னது அவளைக் காப்பாற்ற இல்லை. என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். அவள் தங்கை அப்போது என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் ஒரு பல் டாக்டர் வந்து சேர்ந்துகொண்டார். அவராகவே அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொண்டார். இறக்கத்தில் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வந்தார். எந்த ஷூ, எந்த உப்பு மாத்திரை, போன வருடம் எத்தனை பேர் விலகினார்கள் என்று ஒன்று விடவில்லை. எனக்குப் பேச்சுத்துணை வேண்டியிருக்கவில்லை, ஆனால் பாதை ஒரு ஆள் அகலம், அவரைத் தாண்டிப் போக வழியில்லை.

"எங்க வீட்டம்மா இதுக்கு விடறதுக்குள்ள ஒரு வழி பண்ணிட்டாங்க சார். உங்க மேடம் எப்படி?"

"அவங்கதான் ஓடச் சொல்றாங்க" என்றேன்.

"குடுத்து வெச்சவர் சார் நீங்க!"

பாதை அகலமான முதல் இடத்திலேயே அவரைத் தாண்டி வேகமாக ஓடினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வியர்வையும் பனியும் சேர்ந்த முகத்தில் அது யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

நான் சொன்னது பொய்யும் இல்லை. ஏழு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது அவளிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. வலது கையும் காலும் தொய்ந்துவிட்டன, பேச்சு மொத்தமும் போய்விட்டது, அந்த ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. ஓடு. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஓடு. ஃபேனை நிறுத்தச் சொல்வதும் ஓடு. கோணிய வாயிலிருந்து 'ஓட்' என்று வந்து அங்கேயே முறிந்துவிடும். பிற்பாதியை நாங்கள்தான் போட்டுக்கொண்டோம்.

நாங்கள் என்றால் நானும் என் மச்சினியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவள். அக்காவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெட்டியோடு வந்து எங்கள் முன்னறையில் தங்கிவிட்டாள். அவளிடம் எதற்கும் உடனே விடை உண்டு.

"ஓடுங்கறா மாமா. அவளால நீங்க ஓடறது நின்னுடக்கூடாதுன்னு நினைக்கறா. போய் ஓடுங்க."

"என்னை ஓடுன்னா சொல்லுவா? ஓடுங்கன்னுதானே சொல்லணும்?"

"மரியாதையெல்லாம் மூளையில வேற பக்கத்துல இருக்கும்போல" என்று சிரித்தாள். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் எங்கக்காவுக்குத் தைரியமே வந்திருக்கு. அனுபவிங்க."

நானும் சிரித்தேன். மறுநாள் காலை பீரோவைத் திறந்து ஷூவை எடுத்தேன். கட்டிலில் இருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓட்" என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. "ஓட்... ஓட்..." போறேன்ம்மா, போறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை எனக்கு அது ஞாபகம் இருக்கிறது, நான் திரும்பிப் பார்க்கவில்லை என்பது.

இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மறுபடி ஏற்றம். தொடை இறுக ஆரம்பித்தது. வாழைப்பழம் ஒன்றைப் பாதி தின்று மீதியைப் பையில் திணித்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டாயிரம் கிலோமீட்டர் இனி நடக்காது, ஆயிரத்து நானூற்று எண்பதில் நிற்கிறது. இருபத்தோரு கிலோமீட்டரை அக்டோபரில் ஓடினேன், ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை என்பதை நினைக்கவே கூடாது. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் டிசம்பர் பிறந்ததும் ஆளாளுக்கு வருடக் கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை பதக்கம், "இந்த வருடம் ஓட்டம் எனக்குக் கற்றுக்கொடுத்த ஐந்து பாடங்கள்". எனக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஆள் தன் காது கேட்க விரும்புவதை மட்டும் கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இருக்க முடியும். அதை அங்கே போட்டால் யாரும் லைக் போடமாட்டார்கள்.

செப்டம்பரில் பேச்சுப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தோம். ஒரு சின்ன அறை, சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி, மேஜையில் படம் போட்ட அட்டைகள். சொல்லிக்கொடுக்கிற அம்மாள் கண்டிப்பானவர், ஆனால் பொறுமைசாலி. ஒருநாள் என் மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"நம்ம பேச்சுல விஷயமெல்லாம் வால்லதான் இருக்கு சார். 'வந்த்'னு மட்டும் சொன்னா யாரு வந்தாங்க, வந்தாங்களா, வந்தா என்னன்னு ஒண்ணும் தெரியாது. உங்க மிஸஸுக்குத் தலை வருது, வால் வரமாட்டேங்குது. அவங்க ஏதோ ஒரு முழு வார்த்தையைத்தான் சொல்லப் பாக்கறாங்க. நீங்களா அதை முடிச்சு வைக்காதீங்க. காத்திருங்க."

"சரிங்க" என்றேன்.

அந்த அறையிலிருந்து வெளியே வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடு என்பதற்கு எத்தனையோ வால் போடலாம். ஓடுங்க, ஓடினீங்களா, ஓடணும். ஆனால் மார்ச் மாதம் அந்தக் காலையில் அவள் வாயிலிருந்து கடைசியாக வந்த வார்த்தைக்கு என்ன வால் என்று எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். பாதிக் கதவு திறந்து நின்றுபோன லிஃப்ட் மாதிரி அந்த வார்த்தையிலேயே அவள் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

கேட்டிருக்கலாம். தலையாட்டத் தெரியும் அவளுக்கு. ஆமாம் என்று மேலும் கீழும், இல்லை என்று இடமும் வலமும் ஆட்டுவாள், முக்கால்வாசி நேரம் சரியாக இருக்கும். 'ஓடுங்கன்னு சொல்றியா, ஓடாதீங்கன்னு சொல்றியா?' ஒரு நிமிட வேலை. இன்றுவரை கேட்கவில்லை. தினமும் முன்பின் தெரியாத ஆட்களை லிஃப்டிலிருந்து மீட்கிறேன், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று "பதட்டப்படாதீங்க, நான் வந்துட்டேன், என்ன ஆச்சு சொல்லுங்க" என்று கேட்கிறேன். என் வீட்டில் கேட்கவில்லை.

கேட்பதற்குப் பதிலாக இந்த ஓட்டத்துக்குப் பணம் கட்டினேன். முட்டாள்தனமாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். இதை முடித்துப் பதக்கத்தைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தால் அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டால், அவள் ஓடு என்றது ஓடு என்றுதான் என்று ஆகிவிடும். மச்சினி சொன்னதே சரி என்று ஆகிவிடும். அந்த ஒரு சிரிப்புக்காக மூன்று மாதம் விடிகாலையில் மலைப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கினேன். நேற்று கிளம்பும்போதுகூட அவள் என் சட்டை நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டு "ஓட்" என்றாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு மலை முதுகில் பாதை. இரண்டு பக்கமும் சரிவு, மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. ஷூவுக்குள் சேறு புகுந்து ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டது. ஆனாலும் உடம்பு நன்றாக இருந்தது. வெட்கப்படும் அளவுக்கு நன்றாக இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு மூட்டத்துக்குள்ளிருந்து சாவடியின் நீலத் தார்ப்பாய் தெரிந்தது.

மழைக்கோட்டு போட்ட ஒரு இளம்பெண் அட்டையில் செருகிய தாளோடு எழுந்து வந்து என் சட்டையில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தாள். "நூத்திப் பதினெட்டு! சூப்பர் சார், முக்கால் மணி நேரம் முன்னாடியே வந்துட்டீங்க. கடைசி ஏற்றம் ஒண்ணுதான் பாக்கி, அப்புறம் இறக்கம்தான். டீ குடிக்கிறீங்களா?"

பக்கத்தில் ஒரு பையன் பெரிய பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தான். வாங்கிக் குடித்தேன். பாதி குடிப்பதற்குள் முதுகுப் பையில் ஃபோன் உயிர் பெற்று அதிர ஆரம்பித்தது. அந்த மலை முதுகில் மட்டும் சிக்னல் கிடைக்கும்போல. தவறிய அழைப்புகள் ஏழு, எல்லாம் மச்சினி. டீயைக் கீழே வைத்தேன். திரும்பக் கூப்பிட்டேன்.

"என்ன ஆச்சு?"

"மாமா! ஒண்ணும் ஆகலை, பயப்படாதீங்க. நல்ல விஷயம். அக்கா பேசிட்டா!"

"என்னது?"

"முழு வார்த்தை மாமா! காலையிலேருந்து கண்ணாடி முன்னாடி உக்காந்து அவளே முயற்சி பண்ணிட்டு இருந்தா. நான் குறுக்கே எதுவும் சொல்லலை, அந்த மேடம் சொன்ன மாதிரி சும்மாவே இருந்தேன். பத்து மணிக்கு வந்துடுச்சு. அதுலேருந்து நூறு தடவை சொல்லிட்டா. அப்பலேருந்து உங்களைக் கூப்பிடறேன். இருங்க, அவகிட்டயே தரேன்."

ஃபோன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு அவள் மூச்சு. வேண்டாம், சொல்லாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். நல்ல வார்த்தைகள் ஆயிரம் இருக்கின்றன, ஏதாவது ஒன்றைச் சொல், தண்ணீர் என்று சொல், உன் தங்கை பெயரைச் சொல்.

"ஓடா..." என்றாள். நின்றாள். எச்சில் விழுங்கினாள். "ஓடா... தீங்க."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஓடாதீங்க" என்றாள் மறுபடி, இந்த முறை சேர்ந்தாற்போல். தெளிவாக இருந்தது. குரல்கூட அதே குரல்.

மச்சினி ஃபோனை வாங்கிக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். "கேட்டீங்களா? 'ங்க'கூட வந்துடுச்சு! மரியாதையும் சேர்ந்து வந்துடுச்சு பாருங்க! நீங்க இன்னிக்கு அவ்ளோ தூரம் ஓடறீங்கன்னு கவலைப்படறா போல. சாயங்காலம் வந்துடுவார்டின்னு சொல்லியிருக்கேன். நீங்க முடிச்சுட்டு வாங்க மாமா, ஒண்ணும் அவசரமில்லை. ஏன் மாமா பேச மாட்டேங்கறீங்க? அழறீங்களா?"

"சிக்னல் இல்லை" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையில் குத்தியிருந்த எண் தாளை அவிழ்க்க ஆரம்பித்தேன். நாலு ஊக்கு. விரல்கள் குளிரில் விறைத்து ஒத்துழைக்கவில்லை. அந்தப் பெண் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"என்ன சார் பண்றீங்க?"

"விலகிக்கறேன்மா. அந்த ஜீப்புல எடம் இருக்கா?"

"எடம் இருக்கு, ஆனா எதுக்கு சார்? நல்லாத்தானே வந்தீங்க? கால் பிடிச்சுக்கிச்சா? வயிறா?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"இப்படி முக்கால் மணி நேரத்தைக் கையில வெச்சுக்கிட்டு யாரும் விலக மாட்டாங்க சார்." அட்டையைப் புரட்டினாள். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. எதையாவது எழுதியே ஆகணும். என்னன்னு எழுத?"

"வீட்ல ஓட வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள். டீ ஊற்றிய பையனும் சிரித்தான். "புருஷன்னா இப்படி இருக்கணும்" என்றான் அவன். அவள் சிரிப்போடே கட்டத்தில் எழுதினாள், நான் சொன்னதை அப்படியே எழுதினாள். பேனாவை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்ப சார் சொன்னாங்க? இப்ப, ஃபோன்லயா?"

"இல்லம்மா" என்றேன். "மார்ச் மாசமே சொல்லிட்டாங்க."